என் காலடியில் ஒரு கம்ப்யூட்டர்

அந்தப் பெட்டியின் அடியில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது நல்லெண்ணெய்தானா? மூன்று வருஷமாக இதே கேள்வி. அன்று விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். நல்லெண்ணெய் வாசம்தான் வந்தது. ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் என் குழந்தைக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டு வந்திருந்தேன். வாசம் பெட்டியிலிருந்து வந்ததா, என் விரலில் ஏற்கனவே இருந்ததா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

பெட்டி என்று சொன்னது எங்கள் காரில் இருந்த ஒரு சிறிய கம்ப்யூட்டரை. தென்காசியில் அப்போது பாங்கில்கூடக் கம்ப்யூட்டர் வரவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய ஜப்பான் காருக்குள் ஒன்று இருந்தது. எஞ்சினுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்று முடிவு செய்வது அதன் வேலை. என் கணவர் வளைகுடாவில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிடலாம் என்று திரும்பியபோது, அங்கே தான் ஓட்டிக்கொண்டிருந்த அந்தக் காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே கம்பெனி கூப்பிட்டது, அவர் போய்விட்டார். கார் இருந்தது, நான் இருந்தேன், என் மாமியார் இருந்தார், என் கொழுந்தன் இருந்தார். எனக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை.

அது வளைகுடா ஊர் வண்டி என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. ஓட்டுகிறவர் ரோட்டோரமாக உட்கார்ந்திருப்பார். முன்னால் போகிற பஸ்ஸை முந்தவேண்டுமென்றால் எதிரே வருவது அவருக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற நான்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். ஒரு புடவை எடுக்கவே மூன்று முறை கடைக்குப் போகிறவள் நான்.

"மதினி, எதுத்தாப்ல ஏதும் வருதா?" என்பார் கொழுந்தன்.

"பொறுங்க, லாரி ஒண்ணு வருது."

"இப்பம்?"

"போகலாம். இல்ல, வேண்டாம். தூரத்துல ஏதோ தெரியுது."

"அது பனைமரம் மதினி. நீங்க முடிவு பண்ணுததுக்குள்ள நாம பஸ் பின்னாலயே பாளையங்கோட்டை போய்ச் சேந்துருவோம்."

அப்படித்தான் ஒவ்வொரு புதன்கிழமையும் பாளையங்கோட்டைக்குப் போனோம். என் மகளுக்குப் பிறக்கும்போதே இரண்டு பாதமும் உள்பக்கமாக வளைந்திருந்தன. வாரத்துக்கு ஒரு முறை டாக்டர் பாதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, திருப்பின நிலையிலேயே நிற்கும்படி மாவுக்கட்டு போடுவார். எலும்பு இளசாக இருக்கிற இந்த மாதங்களில் செய்தால்தான் உண்டு, ஒரு வாரம்கூடத் தவறக்கூடாது, கட்டில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஒரு தடவை கார் பிரேக் சரியில்லை என்று பஸ்ஸில் போனேன். ஆலங்குளம் தாண்டி மழை. ஜன்னல் தட்டி இறங்கவில்லை. கட்டு நனைந்து மாவாகவே ஆகிவிட்டது. டாக்டர் அதை வெட்டி எடுத்தபோது, முந்தின வாரம் திருப்பின பாதம் பழையபடி உள்ளே போயிருந்தது. அவர் திட்டவில்லை. "மறுபடி முதல்ல இருந்து" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆனியில் சாரல் தொடங்கியதும் சீசனுக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சென்னையிலிருந்து ஒரு குடும்பம், அது போனால் மதுரையிலிருந்து ஒன்று. அருவிக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே உச்சி முதல் பாதம்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு காரில் ஏறுவார்கள். குற்றாலம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று, திரும்பும்போது பாதிப்பேர் உடைகூட மாற்றாமல் சொட்டச் சொட்ட வந்து உட்காருவார்கள். ஆயிரம் பேர் எண்ணெய் மிதக்கிற அருவித் தண்ணீர் அது. நான் குளிப்பதில்லை. குழந்தையின் கட்டு நனையக்கூடாதே என்று மெயினருவிக்கு எட்டத் தள்ளியே காரில் உட்கார்ந்திருப்பேன். கிளம்பும்போது பிழிந்தும் பிழியாமலும் ஈரத்துணிகளை என்னிடம் தருவார்கள். பின்னால் இடம் இருக்காது. நானே பின்னின பச்சையும் வெள்ளையுமான வயர் கூடையில் அவற்றைத் திணித்து, என் காலடியில் வலது மூலையில், கதவோரப் பலகையில் சாய்த்து நிறுத்திக்கொள்வேன். குழந்தையின் கால்கள் இரண்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். ஒரு சொட்டு படவிட்டதில்லை. கூடையின் கண்களிலிருந்து வடிந்தது எங்கே போனது என்று குனிந்து பார்த்ததில்லை.

ஆடி பிறந்த இரண்டாம் நாள், புதன்கிழமை, பாவூர்சத்திரத்தில் கார் நின்றுவிட்டது. அரை மணி கழித்துத் தானே கிளம்பியது. திரும்பும்போது மறுபடி நின்றது. அடுத்த நாள் வாசலைவிட்டே நகரவில்லை. மெக்கானிக் அண்ணாச்சி வந்து பிளக்கைக் கழற்றினார், பெட்ரோல் குழாயை ஊதினார், பம்ப்பைத் தட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது, வண்டி மட்டும் ஓடாது என்றார்.

"இது பாலைவனத்து வண்டிம்மா. நம்மூர் சாரலைக் கண்டதும் சளி பிடிச்சுட்டு."

கொழுந்தனும் அவரும் ஷெட்டில் உட்கார்ந்து இரண்டு நாளில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இந்த எஞ்சினை இறக்கிவிட்டுப் பழைய டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றிவிடுவது. அப்போது நிறையப் பேர் அப்படிச் செய்தார்கள். டீசலாகிவிட்டால் சீசனில் டாக்ஸியாகவும் விடலாம். கொழுந்தனுக்கு வேலை அமையாமல் இருந்த நேரம். அவர் ஆசையில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"புதன்கிழமை?"

"புதன்கிழமை கூட்டம் கம்மிதான் மதினி. பாத்துக்கிடலாம்."

"பாத்துக்கிடலாம்னா?"

"பாத்துக்கிடலாம்னா பாத்துக்கிடலாம்தான்."

"எஞ்சின் மாத்த எத்தனை நாள் ஆகும்?"

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். "ஆச்சு, ஒரு மாசம். போனா ஒண்ணரை" என்றார்.

ஒன்றரை மாதம் என்றால் ஆறு கட்டு. ஆறு புதன்கிழமைகள் மழையில் பஸ். நான் வேண்டாம் என்று சொன்னேன். என் மாமியாருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கவேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் நான் வேண்டாம் என்று சொன்னது இரண்டாவது காபியை மட்டும்தான்.

"ஏட்டி, ஆம்பளைய பேசி முடிச்ச காரியம். ஒனக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

"படிச்சுத் தெரிஞ்சுக்கிடுதேன் அத்தை" என்றேன்.

எனக்குக் கிடைத்த அவகாசம் ஆடி மாதம். ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்கக்கூடாது என்பதில் மாமியார் உறுதியாக இருந்தார். டீசல் எஞ்சின் ஆவணி ஒன்றாம் தேதிதான் ஏறும் என்று நாள் குறித்தார்கள். அதுவரை வண்டி தார்ப்பாய்க்கு அடியில் நின்றது.

காரின் டேஷ்போர்டுக்குள் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடந்தது. வண்டியைப் பழுது பார்ப்பதற்கான புத்தகம். நான் பி.எஸ்ஸி. இயற்பியல். தேர்வுக்குப் பிறகு படித்ததெல்லாம் சமையல் குறிப்புதான். குழந்தை பகலில் தூங்கும்போது அதைப் படித்தேன். ஒரு பக்கத்தை நான்கு முறை படிப்பேன், புரிந்துவிட்டது என்று நினைப்பேன், மறுபடி முதல் பக்கத்துக்குப் போவேன். எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற நான்கு குழல்களுக்கும் அந்தக் கம்ப்யூட்டர் விட்டு விட்டு மின்சாரம் அனுப்பவேண்டும். அந்த ஒயரில் ஒரு சின்ன விளக்கை மாட்டி, சாவியைத் திருப்பினால் விளக்கு மினுங்கவேண்டும். மினுங்காவிட்டால், மற்ற ஒயர்கள் சரியாக இருந்தால், கோளாறு பெட்டியில்.

அதற்கு அடுத்த பக்கத்தில் படம் போட்டிருந்தது. பெட்டி இருக்கும் இடம்: முன் இருக்கையில் உட்காருகிறவரின் காலடியில், வலது மூலையில், கதவோரப் பலகைக்குப் பின்னால்.

புத்தகத்தை மூடினேன். கூடத்துச் சுவரில் ஆணியில் வயர் கூடை தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அதை எடுத்துப் பரண்மேல், அகலப் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் மாமியார் கேட்டார்.

"கூடை எங்கட்டி?"

"பிடி அறுந்துட்டு அத்தை."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். சின்னப் பொய் என்று அன்று தோன்றியது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போய்க் குண்டுமணி அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கும், அதற்குப் போகிற மின்சாரத்தை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டரும் கேட்டேன். கடைக்கார பாய் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "கார் எஞ்சினுக்கா? எங்கிட்ட ரேடியோ எஞ்சின்தான் வரும்" என்று சிரித்தார். ஆனாலும் அவரே இரண்டையும் பற்றவைத்து, நீள ஒயரும் போட்டுக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குழந்தைக்கு எண்ணெய் வைத்து, உடம்பைத் துடைத்து, வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியார் மடியில் கொடுத்துவிட்டுக் காருக்கு வந்தேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டிருந்தேன், வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். குழலின் மேலிருந்த செருகியைக் கழற்றி விளக்கைச் செருகினேன். கொழுந்தன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, விளக்கு மினுங்கவில்லை. அடுத்ததில் மாட்டினேன். மினுங்கவில்லை. நான்கிலும் இல்லை.

"பல்பு ஃபியூஸா இருக்கும்" என்றார் அண்ணாச்சி.

பேட்டரியில் வைத்துக் காட்டினேன். எரிந்தது. அவர் பீடியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"சரி, ஒயர்ல கரண்ட் வருதான்னு பாரும்மா."

வந்தது. "அப்ப பெட்டிதான்" என்றார். குரலில் இருந்த கேலி போயிருந்தது. அவர் நல்ல மெக்கானிக். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் டீசல் என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

வலது மூலைப் பலகையை அவர்தான் கழற்றினார். பெட்டி சாக்லேட் டப்பா அளவுக்கு இருந்தது. மூடியைத் திறந்ததும் உள்ளே சர்க்யூட் தகட்டின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைக் களிம்பு. செம்புக்கோடுகள் இரண்டு மூன்று இடத்தில் அரித்துப்போய் அறுந்திருந்தன. பெட்டியின் அடிப்பக்கம் பிசுபிசுப்பு, அதில் தூசி. அப்போதுதான் விரலால் தொட்டு முகர்ந்தேன்.

"தண்ணி போயிருக்கு" என்றார் அண்ணாச்சி. "கொஞ்ச நஞ்சமில்ல."

எல்லோரும் ஒரே நேரத்தில் கொழுந்தனைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவர் அந்தக் காரைக் கழுவுவார். வீட்டுக் கூடத்தைக் கழுவிவிடுகிற மாதிரி நான்கு கதவையும் திறந்துவைத்து உள்ளேயும் வாளி வாளியாகத் தண்ணீரை வீசித் துடைப்பத்தால் தள்ளுவார். தெருவே பார்த்திருக்கிறது.

"ஏலே, நீதான ஊத்துவ" என்றார் மாமியார். "ஒங்கண்ணன் கஷ்டப்பட்டுக் கொண்டாந்த வண்டிய ஆத்துல எரும மாட்டக் குளிப்பாட்டுத மாதிரி குளிப்பாட்டினா?"

கொழுந்தன் தலையைக் குனிந்து பெட்டியைப் பார்த்தார். "உள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு யார் சொன்னா?" என்றார். பிறகு மெதுவாக, "நான்தாம்போல" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறந்தேன். வந்தது வேறு.

"தம்பி, ஆனது ஆச்சு. டீசல் எஞ்சின் வேண்டாம். பெட்டிய நான் வரவழைக்கேன். இனி இந்த வண்டிய என்ன செய்யணும்னு நான் சொல்லுதேன்."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. குற்றவாளி எப்படிப் பேசுவார்? அந்த ஒரு விஷயத்தில் என் கை ஓங்கியதற்குக் காரணம் நான் படித்த புத்தகம் மட்டும் இல்லை. அவர் குனிந்த தலையும்தான்.

பெட்டியின் மேலிருந்த எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அப்படியே படியெடுத்தேன். தபாலை நம்பினால் ஆவணி வந்துவிடும். கடையநல்லூரில் ஒருவர் விடுப்பு முடிந்து அந்த வாரமே வளைகுடாவுக்குப் புறப்படுகிறார் என்று ரேடியோ கடை பாய் சொன்னார். அவர் கையில் கடிதம் போனது. கடிதத்தில், தம்பி உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவியதால் பெட்டி கெட்டுவிட்டது என்று எழுதினேன். மூன்று முறை எழுதிக் கிழித்து நான்காவது முறையும் அதையேதான் எழுதினேன்.

அதற்குள் மூன்று புதன்கிழமைகள் பஸ்ஸில் போனேன். குழந்தையின் கால்களுக்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் என் கணவரின் பழைய ரெயின்கோட், அதற்கு மேல் என் முந்தானை. ஜன்னலோர சீட் வேண்டாம் என்று நின்றுகொண்டே போனேன். "பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு ஏம்மா நிக்க? உக்காரு" என்று யாராவது இடம் கொடுத்தால், அந்த ஜன்னல் மூடுமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். முறைத்தார்கள். முறைக்கட்டும். ஒரு கட்டுகூட நனையவில்லை.

ஆடி முடிய நான்கு நாள் இருக்கும்போது இன்னொரு கடையநல்லூர்க்காரர் கைப்பையில் பெட்டி வந்தது. என் கணவர் அங்கே பழைய கார்களை உடைக்கிற இடத்தில் தேடி, அதே எண் போட்ட ஒன்றை எடுத்திருந்தார். கூடவே தம்பிக்குத் தனியாக ஒரு கடிதம். கொழுந்தன் அதை வாசலில் நின்றே படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்ன எழுதியிருந்தது என்று எனக்குக் காட்டவில்லை. காட்டத் தேவையும் இல்லை.

மாமியார் குறுக்கே வந்தார். "இன்னும் நாலு நாள்தான? ஆவணி பொறக்கட்டும். ஆடியில புதுசா எதையும் வண்டியில ஏத்தாதட்டி."

"இது புதுசு இல்லத்தை. உடைச்ச வண்டியில கழட்டின பழசு. பழசுக்கு ஆடி கிடையாது."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

பேட்டரியின் ஒயரை முதலில் கழற்றவேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. "அதெல்லாம் வேண்டாம்மா, சும்மா மாட்டு" என்றார் அண்ணாச்சி. கழற்றினேன். கழற்றிவிட்டோமா என்று இரண்டு முறை போய்ப் பார்த்தேன். பிறகு வலது பக்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியை நானே பொருத்தினேன். நான்கு திருகாணி, ஒரு அகலச் செருகி. சொருகும்போது 'டக்' என்று சத்தம் வரவேண்டும். வந்ததா என்று சந்தேகமாக இருந்ததால் உருவி மறுபடி சொருகினேன். இந்த முறை கேட்டது. பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டினேன், கொழுந்தன் சாவியைத் திருப்பினார்.

முதல் திருப்பலில் எஞ்சின் சும்மா சுற்றியது. இரண்டாவது திருப்பலில் இருமி, நடுங்கி, பிடித்துக்கொண்டது. கொழுந்தன் காரை விட்டு இறங்கவில்லை. "நாளைக்கு புதன்கிழமை மதினி" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு ஒரு புதன்கிழமையும் தவறவில்லை. என் மகள் இப்போது தெருமுனைவரை ஓடுகிறாள். உள்பக்கம் இழுக்காமலிருக்கத் தனிச் செருப்பு போட்டிருக்கிறாள்; அதை அளவு பார்த்து மாற்ற இன்னமும் பாளையங்கோட்டை போகிறோம். அதே கார், அதே பெட்ரோல் எஞ்சின். சீசனுக்கு வருகிறவர்கள் ஈரத்தோடு ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சென்னை வீட்டார் கோபித்துக்கொண்டு இரண்டு வருஷமாக வரவில்லை. வரவேண்டாம்.

கொழுந்தன் காரைக் கழுவுவதை விட்டுவிட்டார். துணியை வாளியில் முக்கி, சொட்டு நிற்கும்வரை முறுக்கிப் பிழிந்து, உதறி, பிறகுதான் துடைக்கிறார். வெள்ளிக்கிழமை காலைகளில் அவர் துணி பிழிகிற நேரத்தில் நான் வாசலுக்குப் போவதில்லை.

போன மாதம் இலத்தூரில் அவருக்குப் பெண் பார்க்கப் போனோம். பையன் எப்படி என்று அவர்கள் கேட்டதற்கு என் மாமியார், "சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். வெளிநாட்டுக் கம்ப்யூட்டரையே குளிப்பாட்டிக் கொன்னவன்" என்று அந்தக் கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற பெண்ணும் சிரித்தாள். கொழுந்தனும் சிரித்தார், பெட்டியைப் பார்த்துக் குனிந்தாரே, அதேபோல் குனிந்துகொண்டு. தையில் கல்யாணம். அந்தக் கதை அந்தப் பெண்ணோடு எங்கள் வீட்டுக்குள் வரப்போகிறது.

பழைய பெட்டி என் பீரோவில் இருக்கிறது. எப்போதாவது எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். இப்போது எந்த வாசமும் இல்லை. பரணில் கூடை இருக்கிறது.

நான் செய்தது சரியா என்று உங்களைக் கேட்கவில்லை. எஞ்சினை மாற்ற விடாதது சரி. மறுபடி அப்படி ஒரு ஆடி வந்தாலும் அதையேதான் செய்வேன். மன்னிப்புக் கேட்டு அழுதுவிடு, மனம் லேசாகும் என்று யாரும் எழுதவேண்டாம். என் மனம் லேசாவது இங்கே முக்கியம் இல்லை. நான் கேட்பது இதுதான். அது அவர் ஊற்றிய தண்ணீரா, என் கூடையிலிருந்து வடிந்ததா என்று எனக்கே தெரியாதபோது, எதை ஒப்புக்கொள்வது? கூடையை ஒளித்துவைத்ததை மட்டுமா? அதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்வதா? சொன்னால் கொழுந்தனிடம் முதலில் சொல்வதா, தம்பிக்குக் கடிதம் எழுதிய என் கணவருக்கு எழுதுவதா, கதையைப் பரப்புகிற மாமியாரிடமா? கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கள், அதிலும் வந்த வீட்டில் ஒரு முறையாவது வாய் திறந்து ஜெயித்தவர்கள், யோசனை சொல்லுங்கள். தைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.